பிரபஞ்சத்தின் அனாமத்துக் கணக்கு

பிரபஞ்சத்தின் கணக்கு டேலி ஆகவில்லை. ஐந்து பைசா, பத்து பைசா வித்தியாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். இது நூற்றுக்கு 68!

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். டிரையல் பேலன்ஸ் போடுகிறோம். இடது பக்கம் ஒரு தொகை, வலது பக்கம் ஒரு தொகை. உதைக்கிறது. மறுபடி கூட்டிப் பார்க்கிறோம். லெட்ஜரைப் புரட்டுகிறோம். பக்கத்து சீட்டுக்காரரை விட்டுக் கூட்டச் சொல்கிறோம். அவருக்கு மூன்றாவதாக ஒரு தொகை வருகிறது. மணி ஒன்பதரை. கடைசி பஸ் போய்விடும். என்ன செய்வோம்? வித்தியாசத் தொகைக்கு ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒரு தலைப்பைப் போட்டு எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். தமிழ் மீடியம் பாடப் புத்தகத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு. அனாமத்துக் கணக்கு!

இதில் ஒரு தர்மம் இருக்கிறது. அனாமத்தில் எழுதுவது ஏமாற்று வேலை கிடையாது. ‘இவ்வளவு ரூபாய் உதைக்கிறது, காரணம் தெரியவில்லை, தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றப்படும்’ என்று நாலு பேருக்குத் தெரிய ஒப்புக்கொள்வது. டேலி ஆகவேண்டும் என்பதற்காக ‘இதர செலவுகள்’ என்று இல்லாத வவுச்சரை நுழைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஏமாற்று வேலை.

உலகத்தின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் 1998-ல் இப்படி ஒரு அனாமத்துக் கணக்கைத் திறந்தார்கள். பெயர், டார்க் எனர்ஜி. தமிழில் இருண்ட சக்தி. இன்று வரை அது எந்தத் தலைப்புக்கும் மாற்றப்படவில்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பிரபஞ்சம் கடைசியில் குளிரில் விறைத்துச் சாகுமா, கிழிந்து சாகுமா, நசுங்கிச் சாகுமா என்பது முடிவாகும்.

கொஞ்சம் பழைய பேரேடுகளைப் புரட்டலாம்.

ஐன்ஸ்டைன் நுழைத்த வவுச்சர்

1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசைக்குப் புது விளக்கம் கொடுத்தார். 1917-ல் அதை வைத்து மொத்தப் பிரபஞ்சத்துக்கும் கணக்குப் போட்டார். அங்கே ஒரு சிக்கல். ஈர்ப்பு விசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு நாள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழவேண்டும். ஆனால் அப்போது எல்லோரும் பிரபஞ்சம் அசையாமல் அப்படியே இருக்கிறது என்றுதான் நம்பினார்கள். ஐன்ஸ்டைனும் நம்பினார். கணக்கு டேலி ஆகவில்லை.

சமன்பாட்டில் ‘லாம்டா’ என்கிற கிரேக்க எழுத்தில் ஒரு எண்ணை நுழைத்தார். இழுப்பதற்குச் சமமாகத் தள்ளுகிற ஒரு விசை. இப்போது பிரபஞ்சம் சமர்த்தாக அசையாமல் நின்றது.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆடிட்டர் வந்தார். எட்வின் ஹபிள். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குல டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு பார்த்தவர், 1929-ல் தூரத்துக் கேலக்ஸிகள் எல்லாம் நம்மை விட்டு விலகிப் போகின்றன, அதிக தூரத்தில் இருப்பது அதிக வேகத்தில் போகிறது என்று காட்டினார். பெல்ஜியத்துப் பாதிரியார் லெமெய்த்ர் 1927-லேயே இதைக் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு பொங்கும்போது அதில் விழுந்து கிடக்கும் மிளகுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும் இல்லையா, அந்த மாதிரி. மிளகு நடந்து போவதில்லை. மாவுதான் பொங்குகிறது.

பிரபஞ்சம் விரிகிறது என்றால் முட்டுக்கொடுக்க லாம்டா எதற்கு? 1931-ல் ஐன்ஸ்டைன் அதை அடித்துவிட்டார். தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு அதுதான் என்று ஐன்ஸ்டைன் தன்னிடம் சொன்னதாக ஜார்ஜ் காமோவ் என்ற விஞ்ஞானி பின்னால் எழுதினார். அடித்த எண்ட்ரி அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எவ்வளவு குறைகிறது?

அடுத்த அறுபது எழுபது வருஷம் ஒரே கேள்விதான். விரிகிறது, சரி. ஆனால் ஈர்ப்பு விசை பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறதே, விரிகிற வேகம் குறையவேண்டுமே, எவ்வளவு குறைகிறது?

மொட்டை மாடியிலிருந்து கிரிக்கெட் பந்தை மேலே எறிகிறீர்கள். வேகம் குறைந்து, நின்று, திரும்ப வந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைக்கும். ராக்கெட் வேகத்தில் எறிந்தால் திரும்பி வராது, ஆனாலும் போகப் போக வேகம் கொஞ்சம் குறையும். இந்த இரண்டில் ஒன்றுதான் நம் பிரபஞ்சத்தின் கதி என்று எல்லோரும் நினைத்தார்கள். வேகம் குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதை அளக்க ஒரு எண்ணை வைத்தவர்கள், அதற்கு ‘வேகக் குறைவு எண்’ என்றே பெயர் வைத்து, குறைந்தால் பிளஸ் வருகிற மாதிரி ஃபார்முலாவையும் அமைத்துவிட்டார்கள். குழந்தை பிறக்கும் முன்பே பையன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் பதிவு செய்த மாதிரி!

அளப்பது எப்படி? ஒளி என்பது பழைய தபால். 500 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வருகிற வெளிச்சம் 500 கோடி வருஷத்துக்கு முன்னால் போஸ்ட் செய்யப்பட்டது. வழியில் பிரபஞ்சம் விரிந்த அளவுக்கு அந்த வெளிச்சமும் இழுபட்டு, சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அதனால் மொத்தம் எவ்வளவு விரிந்தது என்பது தபாலிலேயே முத்திரையாக இருக்கிறது. தபால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதுதான் கஷ்டம். அதற்கு வானத்தில் ஒரே வாட்ஸ் உள்ள பல்புகள் வேண்டும். தெருக்கோடியில் எரிகிற 40 வாட்ஸ் பல்பு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம் அல்லவா?

அந்த பல்புக்குப் பின்னால் நம்ம ஊர் மாணவர் ஒருவர் இருக்கிறார்.

கப்பலில் போட்ட கணக்கு

சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வயது 19. நம்மில் பலர் அந்த வயதில் அரியர்ஸ் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் கப்பலில் உட்கார்ந்து, செத்துப்போன நட்சத்திரத்தைப் பற்றிக் கணக்குப் போட்டார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி, கிட்டத்தட்ட பூமி சைஸுக்கு வந்துவிடும். பெயர், வெள்ளைக் குள்ளன். இந்தக் குள்ளன் எவ்வளவு எடை தாங்குவான்? சூரியனைப் போல 1.4 மடங்கு, அதற்கு மேல் தாங்கமாட்டான் என்பது சந்திரசேகர் கண்ட வரம்பு. 1935-ல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் என்கிற பெரிய மனிதர் எல்லோர் முன்னாலும் அதைக் கிண்டல் அடித்து உட்கார வைத்தார். சந்திரசேகர் சண்டை போடவில்லை. சிகாகோ போய் வேறு வேலையைப் பார்த்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது.

பக்கத்து நட்சத்திரத்திலிருந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து அந்த வரம்பை நெருங்குகிற வெள்ளைக் குள்ளன் ஒரேயடியாக வெடிப்பான். இரண்டு குள்ளன்கள் மோதிக்கொண்டும் வெடிப்பதுண்டு. இந்த வகை வெடிப்புக்கு ‘டைப் ஒன்-ஏ சூப்பர்நோவா’ என்று பெயர். உச்சத்தில் சுமார் 500 கோடி சூரியன் வெளிச்சம்! பிரபஞ்சத்தின் அந்தக் கோடியில் வெடித்தாலும் இங்கே தெரியும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே வெளிச்சம் கிடையாது. ஆனால் அதிக வெளிச்சமாக வெடித்தது மெதுவாக மங்கும், குறைவாக வெடித்தது சீக்கிரம் மங்கும் என்று 1993-ல் மார்க் பிலிப்ஸ் என்பவர் கண்டுபிடித்தார். மங்குகிற வேகத்தைப் பார்த்து வாட்ஸைத் திருத்திக்கொள்ளலாம். பல்பு ரெடி!

அமாவாசை வேட்டை

பல்பு ரெடிதான். ஆனால் எப்போது, எங்கே எரியும் என்று தெரியாதே! ஒரு கேலக்ஸியில் சில நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்த வெடிப்பு. எரிந்தாலும் சில வாரத்தில் மங்கிவிடும். பெரிய டெலஸ்கோப்புக்கோ ஆறு மாசத்துக்கு முன்பே ரிசர்வேஷன் செய்யவேண்டும். ‘அன்றைக்கு ராத்திரி ஒரு நட்சத்திரம் வெடிக்கும், எனக்கு சீட் கொடுங்கள்’ என்று எந்தத் தைரியத்தில் அப்ளிகேஷன் போடுவது?

கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சால் பெர்ல்மட்டர் கோஷ்டி ஒரு வழி கண்டுபிடித்தது. அமாவாசை முடிந்ததும் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை மொத்தமாக ஒரு போட்டோ. சுமார் மூன்று வாரம் கழித்து, அடுத்த அமாவாசைக்கு முன்னால், அதே இடத்தில் இன்னொரு போட்டோ. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கம்ப்யூட்டரில் கழித்தால், மிச்சம் இருக்கிற புள்ளிகள் புதிதாக வெடித்தவை. ஒரு கேலக்ஸியை நம்பினால்தான் ஏமாற்றம். ஆயிரக்கணக்கில் பார்த்தால் சில கட்டாயம் சிக்கும். இப்போது தைரியமாக ரிசர்வேஷன் செய்யலாம்!

இவர்களுக்குப் போட்டியாக 1994-ல் பிரையன் ஷ்மிட் இன்னொரு கோஷ்டியைக் கிளப்பினார். அதில் ஆடம் ரீஸ் என்று ஒரு இளைஞர். 1997-ல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ரீஸுக்கு வந்த விடை, பிரபஞ்சத்தின் மொத்த எடை மைனஸில்! எடை எப்படி மைனஸில் வரும்? அதாவது, விரிகிற வேகம் குறையவில்லை. கூடுகிறது.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். 1998 ஜனவரியில் ரீஸுக்குக் கல்யாணம். தேனிலவுக்குக் கிளம்பும் நேரத்தில், இந்த விடையை நம்பலாமா கூடாதா என்று கோஷ்டிக்குள் இமெயில் பறந்துகொண்டிருந்தது. அவரும் உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். புது மனைவி என்ன சொன்னார் என்பது விஞ்ஞான வரலாற்றில் பதிவாகவில்லை.

தூரத்து சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, இருக்கவேண்டிய தூரத்தைவிடச் சராசரியாக 10 முதல் 15 சதவீதம் தள்ளி இருந்தன. ரீஸின் கோஷ்டி அலசிய தூரத்து சூப்பர்நோவாக்கள் 16. பெர்ல்மட்டர் கோஷ்டிக்கு 42. இரண்டு கோஷ்டிக்கும் ஆகாது. ஒருத்தர் தப்பை மற்றவர் கண்டுபிடிக்க மாட்டோமா என்று காத்திருந்தவர்கள். இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே ஓட்டு எண்ணிக்கையைச் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? 2011-ல் நோபல் பரிசு. பாதி பெர்ல்மட்டருக்கு, மீதிப் பாதி ஷ்மிட்டுக்கும் ரீஸுக்கும்.

மேலே எறிந்த கிரிக்கெட் பந்து வேகம் குறைந்து, பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி சர்ரென்று மேலே பறந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்திருந்தது. வேகக் குறைவு எண்ணுக்கு மைனஸ் வந்துவிட்டது. தள்ளுவது யார் என்று தெரியவில்லை. அந்த ‘யார்’ என்பதற்குத்தான் மைக்கேல் டர்னர் என்ற விஞ்ஞானி டார்க் எனர்ஜி என்று பெயர் வைத்தார். ஐன்ஸ்டைன் அடித்த லாம்டா 67 வருஷம் கழித்து, கூப்பிடாமலே திரும்பி வந்தது.

இரண்டாவது பேரேடு

ஒரு பேரேட்டில் உதைத்தால் கூட்டல் தப்பு என்று சொல்லலாம். சம்பந்தமே இல்லாத இன்னொரு பேரேட்டிலும் அதே தொகை உதைத்தால்?

1998 கடைசியில் அன்டார்டிகாவில் ஒரு பெரிய பலூனில் டெலஸ்கோப்பைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். பெயர், பூமராங். பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சத்தின் மிச்சசொச்சம் இன்றும் வானம் முழுக்க மைக்ரோவேவாக நிரம்பியிருக்கிறது. அதை அந்த பலூன் படம் பிடித்தது. 2000-ல் முடிவு வந்தது. பிரபஞ்சத்தின் மொத்த அமைப்பு வளையாமல் தட்டையாக இருக்கிறது. அப்படி இருக்கவேண்டுமானால் உள்ளே மொத்தம் இவ்வளவு சரக்கு இருக்கவேண்டும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்லும். அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்தது, தெரியாமல் இழுப்பது எல்லாவற்றையும் கூட்டினாலும் 30-தான் தேறியது. துண்டு விழுந்தது 70.

சூப்பர்நோவா பேரேட்டில் உதைத்ததும் அதே 70 தான்!

பிறகு இன்னும் துல்லியமாக அளந்ததில் வந்த ஐந்தொகை இது. நட்சத்திரம், கிரகம், கடல், மலை, நீங்கள், நான், உங்கள் மேனேஜர், எல்லாம் சேர்த்து 5 சதவீதம். டார்க் மேட்டர் என்கிற கண்ணுக்குத் தெரியாத இழுவைச் சரக்கு சுமார் 27. (அதுவும் ஒரு அனாமத்துதான். 1933-லேயே திறந்தது!) மிச்சம் 68 டார்க் எனர்ஜி.

68 சதவீதம் என்றதும் ஏதோ பயங்கரமான பொருள் நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்று மிரளவேண்டாம். இந்தப் பூமி கொள்கிற அளவுக்கு ஒரு காலி டப்பாவை எடுத்துக்கொண்டால், அதற்குள் இருக்கும் டார்க் எனர்ஜியின் எடை சுமார் ஆறு மில்லிகிராம். இரண்டு மூன்று கடுகு. அவ்வளவுதான்! காரம் மட்டும் குறையவில்லை.

இந்தக் கடுகு எப்படி ஜெயிக்கிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராத கூட்டம். சமையல்காரர் சாம்பாரில் தண்ணீர் விடுகிறார். பருப்பு அதே பருப்பு, அண்டா பெரிதாகப் பெரிதாக நீர்த்துப் போகிறது. பிரபஞ்சத்தில் இருக்கும் பொருள்களும் ஈர்ப்பும் இப்படித்தான். இடம் விரிய விரிய நீர்த்துவிடும். ஆனால் அண்டாவில் விடுகிற ஒவ்வொரு தம்ளர் தண்ணீரிலும் ஏற்கெனவே ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் கலந்திருந்தால்? எவ்வளவு ஊற்றினாலும் காரம் அதே காரம். டார்க் எனர்ஜி வெற்றிடத்தோடு கூடப் பிறந்தது போல் தெரிகிறது. புது இடம் உண்டானால் அதற்கு உரிய டார்க் எனர்ஜியும் கூடவே வந்துவிடுகிறது. பருப்பு நீர்த்துக்கொண்டே வந்து, சுமார் 500, 600 கோடி வருஷத்துக்கு முன்னால் காரம் ஜெயித்தது. அன்றிலிருந்து விரிவு வேகமெடுத்துவிட்டது. நம் பூமி பிறந்ததே அதற்கப்புறம்தான்.

வெற்றிடத்துக்கு சக்தி இருக்கலாம் என்று குவாண்டம் இயற்பியல்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ‘எவ்வளவு இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர்கள் தருகிற தொகை அளந்ததைவிட 1-க்குப் பக்கத்தில் 120 சைபர் போட்ட மடங்கு அதிகம்! எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்திருக்காது. வந்திருந்தால் அந்த அக்கவுண்டண்ட் வெளிநாட்டில் இருப்பார்.

மூன்று கிளைமாக்ஸ்

சரி, கடைசியில் என்ன ஆகும்?

கிளைமாக்ஸ் ஒன்று. காரம் இப்போது இருக்கிற மாதிரியே என்றைக்கும் இருந்தால், எல்லாம் விலகிக்கொண்டே போகும். 10,000 கோடி வருஷத்துக்கு மேல் ஆனால், நம் பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் அக்கம்பக்கத்துச் சில்லறைக் கேலக்ஸிகளும் தவிர மற்ற எல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும். 100 லட்சம் கோடி வருஷம் வாக்கில் கடைசி நட்சத்திரங்களும் அணையும். பட்ஜெட் பற்றாக்குறை மாதிரி இருக்கிறதா? அதற்கப்புறம் கருந்துளைகள் மட்டும். அவையும் மெல்ல ஆவியாகும் என்று 1974-ல் ஹாக்கிங் காட்டியிருக்கிறார். பெரியவை ஆவியாக 1-க்குப் பக்கத்தில் நூறு சைபர் போட்ட அளவு வருஷம். பிறகு குளிர், இருட்டு, நிசப்தம். இன்டர்வெல்லே இல்லாத ஆர்ட் ஃபிலிம்.

கிளைமாக்ஸ் இரண்டு. காரம் நாளுக்கு நாள் ஏறினால், எல்லாம் கிழியும். ராபர்ட் கால்ட்வெல்லும் அவர் சகாக்களும் 2003-ல் உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். அதில் முடிவு நாள் 2,200 கோடி வருஷம் தள்ளி. அதற்கு 6 கோடி வருஷம் முன்னால் பால்வீதி பிய்ந்துபோகும். மூன்று மாசம் இருக்கும்போது சூரியக் குடும்பம் சிதறும். அரை மணி இருக்கும்போது பூமி வெடிக்கும். கடைசிக் கண் சிமிட்டலுக்குள் அணுக்களே கிழியும். பக்கா மசாலாப் படம்.

கிளைமாக்ஸ் மூன்று. காரம் குறைந்துகொண்டே போய், தள்ளுவது நின்று இழுக்க ஆரம்பித்தால், விரிந்தது எல்லாம் சுருங்கி ஒரே புள்ளியில் நசுங்கும். எங்கே ஆரம்பித்தோமோ அங்கேயே வந்து நிற்கும் ஃபிளாஷ்பேக் டைப்.

இதையெல்லாம் டீக்கடையில் விவரித்தபோது என் நண்பர் ஒருவர் கவலையோடு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அதுக்குள்ள என் ஹவுசிங் லோன் முடிஞ்சிடுமா?”

முடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் அவர் பயப்படவேண்டியது டார்க் எனர்ஜிக்கு இல்லை. சூரியனுக்கு. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் கூடி, சுமார் 100 கோடி வருஷத்தில் நம் கடல்களைக் கொதிக்க வைத்துவிடும்.

ஐயாயிரம் கண்கள்

2024 வரை கிளைமாக்ஸ் ஒன்றுக்குத்தான் பந்தயம் கட்டியிருந்தார்கள். காரம் மாறாதது, ஐன்ஸ்டைனின் பழைய லாம்டா, அவ்வளவுதான் என்று. பிறகுதான் அரிசோனாவிலிருந்து சேதி வந்தது.

அங்கே கிட் பீக் மலையில் நான்கு மீட்டர் டெலஸ்கோப் ஒன்றில் ‘டெசி’ என்கிற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். 5,000 குட்டி ரோபோக்கள். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி இழையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேலக்ஸியைப் பார்க்கும். ஒரு செட் முடிந்ததும் எல்லாம் திரும்பி அடுத்த ஐயாயிரத்தைப் பார்க்கும். 2021 மே மாதம் வேலை ஆரம்பம்.

இவர்களுக்கு பல்பு வேண்டாம், ஸ்கேல் இருக்கிறது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது அதற்குள் சத்த அலைகள் ஓடின. அவை அப்படியே உறைந்து, கேலக்ஸிகள் நிற்கிற வரிசையில் ஒரு கோலம் மாதிரி பதிந்துவிட்டன. இன்றைய கணக்கில் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளி. இந்த இடைவெளி எந்தெந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தது என்று பார்த்தால் பிரபஞ்சம் விரிந்த வரலாறு வருஷவாரியாகக் கிடைத்துவிடும்.

2024 ஏப்ரலில் முதல் வருஷக் கணக்கு. 2025 மார்ச்சில் மூன்று வருஷக் கணக்கு, சுமார் ஒன்றரைக் கோடி கேலக்ஸி மற்றும் குவேசார்களோடு. இதை மைக்ரோவேவ் பேரேட்டோடும் சூப்பர்நோவா பேரேட்டோடும் சேர்த்து வைத்துப் பார்த்தால், காரம் மாறாமல் இருக்கிற மாதிரி தெரியவில்லை. அண்மைக் காலத்தில் குறைந்துகொண்டு வருகிற மாதிரி தெரிகிறது!

அவசரப்பட்டுப் பட்டாசு வெடிக்கக்கூடாது. இயற்பியலில் ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும். தற்செயலாக இப்படி விடை வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்கிற அளவு நிச்சயம். இங்கே எந்த சூப்பர்நோவா பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8-லிருந்து 4.2 வரைதான் வருகிறது. பட்டியலை மாற்றினால் நம்பிக்கையும் மாறுகிறது என்றால், பட்டியலில் ஏதோ சின்னக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் ஐரோப்பியர்கள் ஏவிய யூக்ளிட் விண்கலம் தன் பங்குக்குக் கணக்கெடுக்கிறது. சிலியில் ரூபின் டெலஸ்கோப் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. ஆடிட் தொடர்கிறது.

குறைவது உண்மை என்றாலும் உடனே கிளைமாக்ஸ் மூன்று என்று அர்த்தமில்லை. ஒரு அளவுக்குக் குறைந்து அங்கேயே நின்றுவிடலாம். ஆனால் ஒன்று நிச்சயம். மாறுகிறது என்று உறுதியானால் அது வெறும் மாறிலி கிடையாது. உள்ளே ஏதோ நடக்கிறது. அனாமத்துக் கணக்கிலிருந்து உரிய தலைப்புக்கு மாற்ற முதல் தடயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

டேலி ஆகிற நாள்

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று கேட்கிறவர்களுக்கு 2007-ல் லாரன்ஸ் கிராஸ், ராபர்ட் ஷெரர் என்ற இருவர் எழுதிய கட்டுரையைச் சொல்லலாம். சுமார் 10,000 கோடி வருஷம் கழித்து ஒரு வானியல் விஞ்ஞானி பிறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிரகமோ, எந்த ஊரோ. நம்மைவிட புத்திசாலி, நம்மைவிட நல்ல டெலஸ்கோப். வானத்தைப் பார்க்கிறார். அவருடைய ஒரே ஒரு கேலக்ஸி. சுற்றிலும் எல்லாத் திசையிலும் வெறும் இருட்டு.

ஹபிள் பார்த்த தூரத்துக் கேலக்ஸிகள் அவருக்குக் கிடையாது. மற்ற எல்லாமே அடிவானத்தைத் தாண்டிப் போயிருக்கும். பலூன் கட்டிப் பிடித்த மைக்ரோவேவ் மிச்சமும் அளக்க முடியாத அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். டெசியின் ஸ்கேலை வைத்து அளக்க இரண்டாவது புள்ளி இருக்காது. எந்த டார்க் எனர்ஜி இதையெல்லாம் செய்ததோ, அதுவே தன்னைப் பற்றிய எல்லா வவுச்சரையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும். பக்கங்கள் எல்லாம் இருக்கும்போது பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிற வாய்ப்பு நமக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அந்த விஞ்ஞானி என்ன முடிவுக்கு வருவார்? பிரபஞ்சம் என்பது ஒரே ஒரு கேலக்ஸி, அது எங்கேயும் போகவில்லை, அசையாமல் அப்படியே இருக்கிறது என்று எழுதுவார். அது கிட்டத்தட்ட 1917-ல் இங்கே எல்லோரும் நம்பிய அதே படம். அவரைத் திருத்த ஒரு ஹபிள் வரமாட்டார், வந்தாலும் பார்க்க எதுவும் இருக்காது. ஒரு பைசா உதைக்காது. அனாமத்து என்று ஒரு தலைப்பே தேவைப்படாது. அவர் கணக்கு அப்படியே அழகாக டேலி ஆகும்.

தப்பாக.

அதற்கு, நூற்றுக்கு 68 உதைக்கிற நம்ம கணக்கே தேவலை!